மேசையில் கிடக்கும் இயர்போன்

உச்சி வெயில் சன்னல் வழியாக வயர்லெஸ் மேசையின் மேல் விழுந்து கிடக்கிறது. வெளியே அந்த வனத்துறை அலுவலகத்தின் ஒரே ஜீப் ஜாக்கியில் நொண்டி நிற்க, டிரைவர் டயரோடு மல்லுக்கட்டுகிறார். கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் ஆபரேட்டரான அவள் தனியாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். "அக்கா, மான் வேட்டைக்காரனுங்க எதிர்லயே இருக்கானுங்க. ஜீப்ப அனுப்புங்க. இயர்போன அங்கயே மறந்துட்டேன், கூப்பிட்டுறாதீங்க, அவனுங்களுக்குக் கேட்டுரும்" என்று வனக்காவலர் காட்டில் ஒரு புதருக்குள்ளிருந்து கிசுகிசுத்திருக்கிறார். அந்த இயர்போன் அவள் கண்ணெதிரே சுருண்டு கிடக்கிறது. அவருடைய வயர்லெஸ் செட்டில் சத்தத்தைக் குறைக்கும் திருகு போன வாரமே உடைந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி இவள் கத்தாத கத்தல் இல்லை. தொலைபேசி அடிக்கிறது. ஒரு லாரிக்காரர். "மேடம், துப்பாக்கியோட ஒரு கும்பல் வண்டியில ஓடைப் பாதை வழியா காட்டுக்குள்ள போகுது." அது காவலரின் முதுகுப் பக்கத்துப் பாதை. சொன்னால் முன்னால் இருப்பவனுக்குக் கேட்கும். சொல்லாவிட்டால் பின்னால் வருகிறவனிடம் மாட்டுவார். கட்டைவிரல் மைக் பொத்தானைத் தொடுகிறது, விலகுகிறது, வியர்வையில் வழுக்குகிறது. செட் கரகரக்கிறது. "அக்கா, பின்னாடி வண்டிச் சத்தம் கேக்குது. அதுக்குள்ள ஜீப்ப அனுப்பிட்டீங்களே, தெய்வம் மாதிரிக்கா நீங்க. எந்திரிச்சுக் கை காட்டுறேன்." வெளியே டிரைவரின் ஸ்பானர் கல்லில் விழுந்து கணீரென்கிறது. அவள் பொத்தானை அழுத்துகிறாள். வாய் திறந்திருக்கிறது. குரல்தான் வரமாட்டேன் என்கிறது.