ஐந்தாவது பொட்டு

கண்ணாடிப் பலகையின் ஏழாவது வரியில் அவள் விரல் நின்றது.

ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாள். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

அதே எழுத்துகள். அதே வரிசை.

ஹவுஸ்கீப்பிங்.

நாற்பத்தொரு வயதில் கற்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும்.

அதற்கு முன்னால் இருந்த சொல்லுக்கு இன்னும் சற்று நேரம் ஆனது. ஈவினிங்.

சூப்பர்வைசர் மயில்சாமி வந்ததுமே சொல்லியிருந்தான். இந்த வருஷம் சம்பளத்தை ஏற்ற வேண்டுமென்றால் சலுகைகளில் ஒன்றை நிறுத்த வேண்டுமாம். எதை நிறுத்துவது என்பதை கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர்களே சொல்வார்களாம். ஆளுக்கு ஐந்து ஸ்டிக்கர் பொட்டு. வேண்டியதற்கு ஒட்டலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எண்ணுவார்கள். குறைந்தது எதுவோ, அது போகும்.

"சாயங்கால ஷிப்ட்டு போச்சுன்னா நீங்க நாலு பேரும் வூட்டுக்குத்தானுங்க அக்கா."

பதினெட்டு வருஷம் சித்தாள் வேலை. முட்டி தேய்ந்த பிறகு கிடைத்தது இது. மறுபடி சட்டி தூக்க முட்டி இல்லை.

பலகையில் எட்டு வரிகள். அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ். வீட்டிலிருந்து வேலை. கார். ஜிம். எட்டாவது, சாய்ந்து கிடக்கிற பீன் பேக் மெத்தை.

தானும் ஒரு சலுகை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

டீ நேரத்தில் பலகை முன் கூடினார்கள்.

"இன்சூரன்ஸுக்கு மூணு. எங்கப்பனுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குதுடா."

"பீன் பேக்குக்கு ஒண்ணா? வர்றதே தூங்கறதுக்குத்தான நீ?"

"இதென்ன, ஈவினிங் ஹவுஸ்கீப்பிங்கா? எதுக்குடா அது? எப்பப் பாத்தாலும் சுத்தமாத்தான இருக்குது."

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

அவன் காலடியில் கிடந்த சமோசாத் துணுக்குகளை அவள் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கழிவறையில் தண்ணீர் ஊற்றாமல் வருவது யார் என்று அவளுக்குத் தெரியும். மேசைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டுவது யார் என்று தெரியும். பீன் பேக்கின் மடிப்பில் நகமும் முடியும் நமத்த சிப்ஸும் எவ்வளவு சேரும் என்று தெரியும்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு ஒட்டிட்டேன் பாருங்க."

நிகிலேஷ். ஜன்னலோர மேசைக்காரன். அவனுடைய ஐந்தாவது பொட்டு. பச்சை. சமோசா தின்ற விரலால் ஒட்டியதில் ஓரத்தில் சிவப்புச் சட்னி.

ஏழாவது வரியில் முதல் பொட்டு அதுதான்.

அவள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினாள்.

"ரொம்ப நன்றிங்க தம்பி."

அவன் தின்று முடித்த எச்சில் தட்டை நீட்டினான். மற்ற நாளில் அவனே கொண்டுபோய் வைப்பான்.

வாங்கிக்கொண்டாள்.

செவ்வாயும் வாங்கினாள். புதனும். அவன் மேசையை இரண்டு தரம் துடைத்தாள். நாற்காலிக் கால்களைக் கூடத் துடைத்தாள். கூட வேலை செய்கிற மூவரிடமும் சொன்னாள், அந்தத் தம்பிக்கு நல்ல மனசு என்று.

வியாழன் மாலை எண்ணினாள். மற்ற வரிகளில் பொட்டுகள் ஈ மொய்த்த மாதிரி. ஏழாவதில் ஐந்து. எட்டாவதில் நாலு.

ஒன்று. ஒன்றே ஒன்று அதிகம்.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. முட்டி வலித்ததும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஷிப்ட்டுக்கு வந்தவள் நேராகப் பலகைக்குத்தான் போனாள்.

ஏழாவதில் நாலு.

விரலால் தொட்டு மறுபடி எண்ணினாள். நாலுதான்.

வரியின் முதல் பொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு வட்டம். பிசின். கண்ணாடி துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

எட்டாவது வரியில் ஐந்து. கடைசியாக ஒரு பச்சை. ஓரத்தில் காய்ந்த சட்னி.

ஜன்னலோரத்தில் அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு எண்ணினார்கள். கை தட்டினார்கள். சம்பளம் ஏறுகிறது.

ஹெச்.ஆர். பெண் யாழினி போகிற போக்கில் சொன்னாள்.

"அக்கா, எண்ணியாச்சு. போர்டத் தொடச்சிருங்க."

பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பொட்டுகள் சுருண்டு வாளியில் விழுந்தன. மருந்து அடித்தாள். துணியால் இழுத்தாள். எழுத்துகள் போயின. தன் அட்டையில் இருக்கிற எழுத்துகளும் போயின.

கை கூப்பியது நினைவுக்கு வந்தது.

வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லை. துப்பினாலும் துடைக்கப்போவது அவள்தான்.

விழுங்கினாள்.

பலகை பளிச்சென்று ஆனது. அந்த வட்டத்தைத் தவிர. துணி அதன் பக்கத்தில் போய் நின்றது. திரும்பி வந்தது.

ஏழு வருஷத்தில் அவள் விட்ட முதல் கறை.

நிகிலேஷ் வந்தான். ஒரு கையில் தட்டு. கண்ணாடி அருகே குனிந்தான்.

"அக்கா, இங்க ஏதோ கறை விட்டுட்டீங்க பாருங்க."

நகத்தால் சுரண்டினான். போகவில்லை. பிசின் விரலில் ஒட்டியது. பேண்ட்டில் தேய்த்தான். மறுபடி சுரண்டினான்.

சுரண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மற்றக் கையால் தட்டை நீட்டினான்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

தட்டு நீட்டியபடியே நின்றது.