இது நம்ம வீடு இல்லைங்க

வாடகைக்கு வீடு பார்க்க வந்த டீச்சர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுந்த வேகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

வீட்டுச் சொந்தக்காரனான லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதி உயிர் வந்தது.

வாங்கிப் பழுது பார்த்த நாளிலிருந்து வீடு காலியாகவே கிடக்கிறது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். கேட்டார்களோ என்னவோ, யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ஒரு பக்கம் வங்கித் தவணை, மறுபக்கம் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை. இந்த டீச்சரும் நழுவிவிட்டால், வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதெல்லாம் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவன் மனைவி முகத்தில் ஒன்றும் இல்லை. குடிவந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்பதுபோல் கதவோரம் நின்றிருந்தாள். இதையெல்லாம் எங்கேதான் கற்றாளோ என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி ஊசி குத்துகிறவள் அவள். வீடு வாங்கும்போதும் கை நடுங்கவில்லை. தரகர் நல்ல வெயிலில் காட்டிய வீட்டை, மழை கொட்டுகிற நாளில் தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்தாள். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் உள்ளங்கையை வைத்தே ஈரக்கசிவைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லி விலையை இறக்கினாள். பத்திரத்தை வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகுதான் முன்பணத்தைக் கண்ணில் காட்டினாள். தரகரின் பருப்பு அவளிடம் வேகவே இல்லை.

சொந்தமாக வீட்டை வாங்கிவிட்டு யாராவது வாடகை வீட்டில் இருப்பார்களா என்று மைத்துனன் சிரித்தான். நாங்கள் கொடுக்கும் வாடகையைப்போல் இரண்டு மடங்கு இதற்குக் கிடைக்கும், வீடே தன் கடனில் பாதியைக் கட்டிக்கொள்ளும் என்று அவள் கணக்குச் சொன்னாள்.

ஆசை அடங்காதது அவனுக்குத்தான். ஹாலுக்கு வெளிர்நீலம் அடிக்கலாமா என்றான். பால்கனியில் கொடி படரவிடலாமா என்றான். படுக்கையறைக்கு இன்னொரு ஜன்னல் வைத்தால் காற்று பிய்த்துக்கொண்டு வருமே என்றான்.

ஒவ்வொன்றுக்கும் அவள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒரே பதிலைச் சொன்னாள்.

"இது நம்ம வீடு இல்லைங்க. நமக்குச் சோறு போடப்போற கடை. கடை மேல யாராவது மனசை வைப்பாங்களா?"

அழுக்குத் தெரியாத தரை. எந்தக் கடையிலும் மாற்றுக் கிடைக்கிற குழாய். எல்லாச் சுவருக்கும் ஒரே நிறம். கொத்தனார் வேலை நடந்த நாட்களில் அவளே லீவு போட்டுவிட்டுக் கூட நின்றாள். அவனை விட்டால் மனசு இளகி எதையாவது கூடுதலாகக் கட்டச் சொல்லிவிடுவானாம்.

உண்மைதான், சொல்லியிருப்பான். இப்படி ஒருத்தி வாய்க்காவிட்டால் இந்த ஜென்மத்தில் தனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமாகியிருக்காது என்பதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை.

டீச்சர் சமையலறைக்குள் போனாள். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"எல்லாமே பிடிச்சிருக்குக்கா. ஆனா இந்த மேடைதான் ரொம்ப உயரமா இருக்கு. அடுப்புல என்ன வேகுதுன்னு நான் எக்கி எக்கித்தான் பார்க்கணும்."

"அதுக்கென்ன, உடைச்சு இறக்கிக் கட்டிக் கொடுத்துடறோம்" என்றாள் அவன் மனைவி.

சட்டென்று சொன்னாள். வாடகையில் காலணா குறைக்க மாட்டேன் என்று நின்றவள்.

அவன் இப்போதுதான் மேடையைச் சரியாகப் பார்த்தான். மற்ற வீடுகளில் இருப்பதைவிட அரைச் சாணாவது கூடுதலாக இருக்கும். கொத்தனார் கோட்டை விட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் பக்கத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இவள் நிற்கும்போது எந்தக் கொத்தனார் கோட்டை விடுவார்?

அவன் மனைவி அவனைவிட உயரம். குடியிருக்கும் வீட்டில் மேடை அவள் இடுப்புக்கும் கீழே நிற்கும். காலையும் மாலையும் குனிந்தபடியேதான் சமைப்பாள். படுக்கப்போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேலையில் நின்ற வலி என்பாள். அவனும் இத்தனை வருஷமாக நம்பினான்.

இப்போது அவள் மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தாள். முதுகு நேராக இருந்தது.

அவன் டீச்சர் பக்கம் திரும்பினான்.

"மேடையை உடைக்க வேண்டாம் டீச்சர். நீங்க ஏறி நின்னு சமைக்க நல்ல அகலமா ஒரு பலகை நானே அடிச்சுத் தர்றேன். இது பின்னாடி எங்களுக்கு வேணும்."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, பலகை எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

அவன் மனைவி அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுத்தமாகவே இருந்த மேடையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.