கிணற்றுக்குள் கேமரா

நபிமார்களின் முகத்தைத் திரையில் காட்டக் கூடாது. அதனால், அண்ணன்கள் யூசுப் நபியைக் கிணற்றில் தள்ளும் காட்சிக்கு, நபியின் கண்ணாக கேமரா இறங்கியது. கூடவே இயக்குநர் சதக்கத்துல்லாவும். ஒரேயொரு கற்பனை வசனத்துக்காக அவருடைய முந்தைய படத்தை மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் தடுத்துவிட்டார்கள். இந்த முறை குர்ஆனில் இல்லாத எதுவும் நடக்கக் கூடாதென்று அவர் எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

காட்சி முடிந்தது.

“கயித்தைப் போடுங்கப்பா.”

அண்ணன்களாக நடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க எப்படி பாய் தூக்குறது? குர்ஆன்படி வியாபாரிக் கூட்டம்ல வந்து தூக்கணும்?” என்றான் மூத்தவனாக நடித்தவன்.

“விளையாடாதே. கேமராவை அணைச்சாச்சு.”

“அல்லாஹ் பார்க்கிறான்ல?”

வியாபாரிகளாக நடிப்பவர்களை அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே, மேலே ஒவ்வொரு தலையாக விலகியது.