தோப்பின் மேல் பந்தயம் கட்டிய அணில்

"எந்த மரம் பூக்கும்னு உனக்கெதுக்குத் தலைவலி? மொத்தத் தோப்பிலும் பூ கூடும்னு பந்தயம் கட்டு. பத்துக் கொட்டை வச்சாப் போதும், நூறு கொட்டை வச்சதுக்கு உண்டான லாபம்," என்றது காகம். "பூ குறைஞ்சா நஷ்டமும் நூறுக்குத்தான். அன்னன்னிக்குக் குறையுறதுக்கான நஷ்டத்தை அன்னிக்குச் சாயங்காலமே தந்துடணும்."

"மழை வரும். தோப்பு பூக்கத்தான் போகுது," என்று அணில் பத்தையும் வைத்தது.

வெயில் கொளுத்தியது. பூ உதிர்ந்தது. தினமும் சாயங்காலம் காகம் வந்து நின்றது. அணில் அசரவில்லை. பொந்தில் சேர்த்து வைத்திருந்ததை அள்ளி அள்ளிக் கொடுத்தது. மூன்றாம் நாள் பொந்து காலி.

"இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ அண்ணே!"

"கொட்டை இல்லையா? அப்ப நீ ஆட்டத்துல இல்ல."

மறுநாள் மழை கொட்டியது. வாரம் திரும்புவதற்குள் தோப்பு முழுக்கப் பூ.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வெறும் வயிற்றோடு கத்திய அணில், அடுத்த பத்துக் கொட்டையைத் தேடிக் கிளம்பியது.