மூக்கும் மெஷினும்

"ஏங்க, ரெண்டு நாளா அடுப்பாண்ட கேஸ் நாத்தம் அடிக்குது" என்றாள் உஸ்மா.

காசிம் பையிலிருந்த கேஸ் மீட்டரை எடுத்து சிலிண்டர் பக்கத்தில் பிடித்தான். கழிவுநீர் பம்ப் அறைக்குள் ஆள் போகுமுன் விஷவாயு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை.

"பாரு, சைபர். மெஷினை விட உன் மூக்கு பெருசா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வேங்கிக்கால் பம்ப் நிலையத்தில், திறந்த வெளியில் மீட்டர் மைனஸ் காட்டியது. சீனியர் முருகையனிடம் நீட்டினான்.

"அண்ணே, மெஷின் கெட்டுப்போச்சு."

"காலையில ஜீரோ செட் பண்ணியா?"

"தினமும் பண்றேண்ணே."

"நல்ல காத்துலதானே? செட் பண்ற இடத்துல கேஸ் இருந்தா, அதையே சைபர்னு எடுத்துக்கும். எங்க வெச்சுப் பண்ணே?"

"வீட்லதான். டீ கொதிக்கறவரைக்கும் சும்மாதானே நிக்கிறேன்னு, அடுப்பு மேடையில..."

காசிம் பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான்.

"உஸ்மா, அடுப்பைப் பத்த வெக்காத. ஸ்விட்ச் எதையும் தொடாத. கேஸ் லீக் ஆவுது."

"தெரியுங்க. நீங்க தெரு தாண்டறதுக்குள்ளயே சிலிண்டரை மூடி வெளிய வெச்சுட்டேன். புது ட்யூப் மாட்ட ஆளும் வந்தாச்சு" என்றாள் உஸ்மா. "என் மூக்கு எங்கம்மா வீட்லயே செட் பண்ணி அனுப்பினதுங்க."