கேட்பதற்கு முன்

சர்வர் அறையில் ஷாஹிரா சோதனைச் சுமையை இன்னும் ஒரு படி ஏற்றினாள். அந்த அலெக்ஸாண்ட்ரியா மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் நாளை முதல் இந்தப் புது ஃபிளாஷ் ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான். எவ்வளவு சுமையில் அது திணறும் என்று இன்றே தெரிந்தாக வேண்டும். அவள் தப்பாகச் சொல்லிவிட்டால், ஆபரேஷன் மேஜையில் நோயாளி கிடக்க, டாக்டர் படத்துக்காகக் காத்து நிற்பார்.

சுமை ஏறினால் பதில் தாமதமாகும். எந்தப் பெட்டிக்கும் அதுதான் விதி. இதிலோ தாமதம் குறைந்துகொண்டே வந்தது. பூஜ்யத்தைத் தொட்டது. பிறகு மைனஸுக்குப் போனது.

"ரம்ஸி அண்ணே, நாம கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வருது!"

"என் பொண்டாட்டியும் அப்படித்தான், இன்ஜினியரம்மா," என்றார் டெக்னீஷியன் ரம்ஸி. "நான் வாயைத் திறக்கவே வேணாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா இயந்திரங்களின் கடிகாரங்களையும் ஒப்பிட்டாள். ஒன்றிலும் பிசகில்லை. சோதனையை நிறுத்தினாள். தாமத எண் இன்னும் கீழே இறங்கியது.

"மேல இருக்கற பெட்டியோட கேபிளைப் பிடுங்கிடுங்கண்ணே."

"காலையில தின்ன ஃபூல் மொச்சைக் கூட்டு இன்னும் செரிக்கல, அதுக்குள்ள ஏணியில ஏத்தறீங்களே," என்று முனகிக்கொண்டே ரம்ஸி ஏறினார்.

அவர் உச்சிப்படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்.

"உங்க சர்வர் ரூம்ல அடிபட்டவரோட ஸ்கேன் வந்துடுச்சு, மேடம். மண்டையோட்டு விரிசல் நல்லாத் தெரியுது. டாக்டர் தயாரா நிக்கறார். ஆளை இன்னும் ஏன் அனுப்பல?"

"இங்க யாருக்கும் அடிபடலையே. யாரோட ஸ்கேன்?"

"பேர் போட்டிருக்கே," என்றாள் நர்ஸ். "ரம்ஸி ஹன்னா."