அம்மாக்கள் ஓட்டம்

சுண்ணாம்புக் கோட்டில் அவளும் போய் நின்றாள்.

இரண்டு பக்கமும் அம்மாக்கள். சேலையைத் தூக்கிச் செருகியவர்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்தவர்கள், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே வந்துவிட்டவர்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு பிளாஸ்டிக் குடம். கழுத்துவரை தண்ணீர்.

அவள் மட்டும் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள்.

மைக் பிடித்திருந்த பீ.டி. சார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளிடம் வந்ததும் நின்றார்.

“பிரிஸ்கா, இது அம்மாமாருக்குள்ள போட்டி. ஒங்க கிளாசுக்கு அடுத்ததுதான்.”

“ரெக்சனுக்கு யாரும் வரல சார்.”

மைக்கை அவர் அணைத்திருக்கவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது.

ரெக்சன் அவளுடைய தம்பி. ஒன்றாம் வகுப்பு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். எங்க வீட்டுலயும் ஓடுவாங்க என்று காலையிலிருந்தே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

அப்பா கடலுக்குப் போயிருந்தார். போட் கரைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது.

அம்மா மஸ்கட்டில். இந்த நேரம் யாரோ ஒருவருடைய வீட்டில், அவர்களுடைய குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள்.

இங்கே ஊட்டுவது பிரிஸ்கா. குளிப்பாட்டுவது, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, காய்ச்சல் வந்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடப்பது, எல்லாமே அவள்தான்.

வயது பதிமூன்று.

சார் தலையைச் சொறிந்தார். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு இன்னொருத்தி வந்து நிற்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டிக் கயிற்றுக்கு அப்பால் காட்டினார்.

அவள் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பயலக் குளிப்பாட்டி, சோறு குடுத்து, தெனமும் பள்ளியோடத்துக்குக் கூட்டிட்டு வாரது யாரு சார்?”

பக்கத்தில் நின்ற மரியசெல்வி கேட்டாள். அதே தெருக்காரி. நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் வேலை.

“அவ நிக்கட்டும். நீங்க விசில ஊதுங்க.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி குனிந்து தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். இன்னொருத்தி குழாயடிக்குப் போய் ஒரு குடம் நிறைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தூக்கட்டும் என்று சின்னக் குடம்.

பிரிஸ்கா அதைத் தொடவில்லை.

அம்மாக்களுடையதைப் போலப் பெரியது ஒன்று வரும்வரை காத்திருந்தாள்.

விசில்.

அம்மாக்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சிரித்ததில் தண்ணீர் தளும்பியது. தளும்பியதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் அணைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, காலைத் தூக்கி வைக்காமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஓடினாள். கொடிக்கம்பத்தைச் சுற்றும்போது அவளுக்கு முன்னால் நாலைந்து பேர். பாதி மைதானம் திரும்பி வருவதற்குள் மரியசெல்வி மட்டும்தான்.

மரியசெல்வி விட்டுக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

பிரிஸ்கா அவளைத் தாண்டியது கடைசிக் கோட்டில்தான்.

“எங்க அக்கா பஸ்ட்டு! எங்க அக்கா பஸ்ட்டு!” ரெக்சன் பக்கத்துப் பையனின் முதுகில் குத்திக் குத்திச் சொன்னான்.

சார் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். “அம்மாக்களுக்கான ஓட்டத்தில் முதல் பரிசு பெறுபவர், ரெக்சனுடைய...”

கொஞ்சம் நிறுத்தினார்.

“ரெக்சன் வீட்டிலிருந்து பிரிஸ்கா.”

கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

பரிசு, எவர்சில்வர் தூக்குவாளி. வாங்கியதும் அவள் மூடியைத் திறந்து, மூடி, சரியாக இறுகுகிறதா என்று பார்த்தாள்.

அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவிகள். நூறு மீட்டர்.

அவள் ரெக்சனை நோக்கி நடந்தாள். அவனைத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஓடியபோது, அவனை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டோடு சரி. அடுத்த வருடம் இங்கே இருக்க மாட்டாள்.

மரியசெல்வி குறுக்கே வந்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். மறு கையால் ரெக்சனை அள்ளி எடுத்தாள்.

“இத்தன பேரு இருக்கோம்லா, பாத்துக்கிட மாட்டோமா? நீ போயி ஓடுட்டி.”

பிரிஸ்கா தம்பியைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. யாரோ கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கோட்டுக்குப் போனாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

“நீ நல்லா ஓடுவியாட்டி?” என்றாள் ஒருத்தி.

“தெரியலயே.”

மற்றவர்கள் குனிந்தார்கள். அவளும் குனிந்தாள். விரல்களை மண்ணில் ஊன்றினாள். மண் சுட்டது. சார் விசிலை உதட்டில் வைத்தார்.

அவ்வளவுதான், ஓடிவிட்டாள்.

“ஏ பிரிஸ்கா! நில்லு! இன்னும் ஊதலம்மா!”

சார் மைக்கில் கத்தினார். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அம்மாக்கள் சிரித்தார்கள். ரெக்சனும் சிரித்தான்.

அத்தனை பெரிய மைதானத்தில் அவள் ஒருத்தி மட்டும்.

கேட்டது. எல்லாமே கேட்டது.

அவள் நிற்கவில்லை.